துரைசாணிக்கு வேலை தேடிய டிசம்பர்

இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முட்டிவலிக்கு அடுத்தபடி நாய்ப் பேச்சுதான். என் மகள் வீட்டு நாய்க்குப் போன மாதம் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், அதன் தலையில் காகிதத் தொப்பி மாட்டினார்கள், என்னையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினேன். தட்டாமல் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட முடியுமா? உங்கள் வீடுகளிலும் இதே கூத்துதான் என்று கேள்வி. ஆனால் நாய்க்கு வேலை தேடி அலைந்த குடும்பத்தை உங்களில் யாராவது பார்த்ததுண்டா? எங்கள் குடும்பம் அலைந்தது. ஒரு வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை முழுக்க அதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

அப்போது நாங்கள் சுங்கை பினாங்கில், ஆற்றை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பாலம் வராத காலம், பினாங்குத் தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போக ஃபெரிதான். பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் கறுப்பு விளிம்பு வைத்த தொப்பி. அந்தத் தொப்பி எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அம்மா சாமி படத்தைத் துடைத்த கையோடு அதே துணியால் தொப்பியையும் துடைப்பாள்.

துரையின் கம்பெனி கைமாறியது. துரை சீமைக்குக் கிளம்பினார். பங்களா போனது, கார் போனது, அப்பாவின் வேலையும் போனது. நாய் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. சீமையில் வெளிநாட்டு நாயை ஆறு மாதம் கூண்டில் அடைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார்களாம், இவள் அதைத் தாங்கமாட்டாள் என்று துரை அப்பாவிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைக்கும்போது கண் கலங்கினாராம். சாப்பாடு இல்லாவிட்டாலும் இவள் இருந்துவிடுவாள், வேலை இல்லாவிட்டால் இருக்கமாட்டாள், எப்படியாவது இவளுக்கு ஒரு வேலை தேடிக் கொடு என்று சொன்னாராம். அப்பா இதைப் பெருமையாக எங்களிடம் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“நாய்க்கு வேலை தேடச் சொன்ன துரை, உங்களுக்கு ஒண்ணு தேடிக் குடுத்தாரா?”

அப்பா தொப்பியை எடுத்து ஒரு தடவை ஊதிவிட்டு மறுபடி ஆணியில் மாட்டினார்.

நாய்க்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. அம்மாதான் துரைசாணி என்று வைத்தாள். வெள்ளை உடம்பில் கோப்பி கொட்டிய மாதிரிப் பழுப்புத் திட்டுகள், நீளத் தொங்கும் காது, எலும்பு தெரியும் மெல்லிய இடுப்பு. எங்கள் லோரோங்கில், அந்தச் சின்னச் சந்தில், அதற்குமுன் யாரும் அப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை. கழுத்தில் தோல் பட்டை, அதில் நாய் லைசென்ஸ் வில்லை. கூடவே கொம்பில் செய்த ஒரு விசிலும் வந்தது. அதை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் கண்டக்டர் விளையாட்டு விளையாடுவேன். ஊதும்போதெல்லாம் துரைசாணி தடாலென்று உட்கார்ந்து எங்கோ தூரத்தில் பார்ப்பாள். ஏன் என்று எனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் வருமானம் நின்று மாதங்கள் ஓடியிருந்தன. அவள் பக்கத்து வீடுகளுக்கு இடியப்பம் பிழிந்து கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், போய்க் கேளுங்கள் என்று அப்பாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். அப்பாவோ துரை கார் ஓட்டிய கை, பஸ் ஓட்டுமா என்ற தோரணையில் இருந்தார். இன்னொரு துரை வருவார் என்று நம்பினார். அம்மாவுக்கு அவரை நேரே திட்ட மனம் வராது. அதனால் நாயைத் திட்டுவாள்.

“துரைசாணி அம்மா எழுந்தாச்சா? நின்னா அழகு, நடந்தா அழகு. வேலைன்னு வந்தா மட்டும் ஒண்ணும் இல்ல. வேல இல்லாதவங்களுக்கு இந்த வீட்டுல எத்தன நாளைக்குச் சோறு?”

நாய் வாலை ஆட்டும். அப்பா வாசலுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எல்லாரும் முடித்த பிறகு தனியாக உட்காருவார். அம்மா மறுசோறு எடுத்து வந்தால், உள்ளங்கையால் தட்டை மறைத்துக்கொண்டு போதும் என்பார். அவருக்குப் பசி குறைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். பத்து வயதில் வேறு என்ன தெரியும்?

அம்மா கடைசியில் ஒரு கெடு வைத்தாள். நாய் லைசென்ஸ் வருடம் முடிந்தால் முடிந்துவிடும். அதற்குள் இதற்கு ஒரு வேலையோ வேறு வீடோ கிடைக்காவிட்டால் புது லைசென்ஸ் எடுக்கப்போவதில்லை என்றாள். வில்லை இல்லாத நாயை நாய் பிடிக்கிற லோரி என்ன செய்யும் என்பது எங்கள் லோரோங்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். நான் அன்று முழுக்க அழுதேன். அப்பா அழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடக் கிளம்பினார், நாய்க்கு.

முதல் வேலை சித்தப்பா மூலம் கிடைத்தது. சித்தப்பா துறைமுகத்தில் ஒரு கிடங்குக்கு ஜாகா, காவல்காரர். காவலுக்குத் துணையாக நாய் இருந்தால் நல்லதுதான் என்று கூட்டிப்போனார். இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். குரைக்கவே இல்லையாம். வந்தவன் போனவன் எல்லாருக்கும் வால் ஆட்டினாளாம். மற்ற நேரமெல்லாம் உத்திரத்துப் புறாக்களைப் பார்த்தபடி கல் மாதிரி நின்றாளாம்.

“அண்ணே, இது கண்ண முழிச்சிக்கிட்டே தூங்குது லா” என்றார் சித்தப்பா.

அதன்பிறகு எலி பிடிக்க ஒரு மளிகைக் கடைக்குப் போனாள். எலிகள் அவள் காலடியிலேயே ஓடி விளையாடின என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கே அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரை வயல்களில் குருவி சுடப் போவார். அப்பாதான் காரில் கூட்டிப்போவார். ஆனால் அவர் காரைவிட்டு நகர்ந்ததில்லை. சாலையோரத்தில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். துரையும் நாயும் வரப்பில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்துபோவார்கள், மதியம் ஒரு கொத்துக் குருவியோடு திரும்பி வருவார்கள். நாய் பாய்ந்து பாய்ந்து குருவி பிடிக்கிறது, அதுதான் அதன் வேலை என்று அப்பா அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். எங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். இங்கே ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் துரத்தாமல் நிற்கிறாளே, துரை போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

அடுத்த வேலை சாமியே கொடுத்தது. எங்கள் லோரோங் முனையில், ஆற்றோரத்து அரசமரத்தடியில் ஒரு முனீஸ்வரர் கோயில் உண்டு. ஒரு நாள் காலையில் நான் துரைசாணியை நடக்கக் கூட்டிப்போனேன். கோயிலைத் தாண்டும்போது அவள் சட்டென்று நின்றாள். தலை நேராக நீண்டது. வால் விறைத்தது. முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே எழுந்து அப்படியே நின்றது. கண் இமைக்கவில்லை. நேரே சாமியைப் பார்த்தபடி நின்றாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

விளக்கு போட வந்த பெண்கள் இருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி வெளியே வந்து பார்த்தார். ஒற்றைக்காலை மடக்கிச் சாமி முன்னால் தவம் நிற்கும் நாயை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. வைரவர் வந்துவிட்டார் என்றார். பொட்டை நாயாச்சே என்று யாரோ சந்தேகம் கேட்டார்கள். சாமிக்கு ஆண் ஏது பெண் ஏது என்று பூசாரி ஒரே போடாகப் போட்டார்.

மறுநாளும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். அவ்வளவுதான். மாலை வந்தது, நெற்றிக்குக் குங்குமம் வந்தது, கிண்ணத்தில் பால் வந்தது. பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதை விவரிக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளியில் கூட்டம் கூடியது. நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் ஆட்கள் அவள் கழுத்து வில்லையில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். விழவில்லை. சாமி இன்னும் மனம் இரங்கவில்லை என்று அடுத்த வாரமும் அதே எண்ணை எடுத்தார்கள். பூசாரி அப்பாவைக் கூப்பிட்டு, இவள் இனிமேல் கோயிலிலேயே இருக்கட்டும், சாப்பாடு கோயில் பொறுப்பு என்றார். அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்ததைப் பார்த்தேன். துரைசாணிக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மாகூடத் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள்.

ஆனால் துரைசாணி இளைத்துக்கொண்டே போனாள். இடுப்பு எலும்பு குத்திட்டு நின்றது. நின்று நின்று உடம்பு நடுங்கும். நடுங்கிக்கொண்டே ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்ப்பாள், பிறகு மறுபடி சாமியைப் பார்ப்பாள். பக்தி முற்றிவிட்டது என்றார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்கிறது. அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அத்தனை பெரியவர்கள் சுற்றி நின்றும் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் வந்தார், அதுவும் சாமி கும்பிட வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர். புதுக் கார் வாங்கியிருந்தார். அவருடைய மனைவி விடாப்பிடியாகக் கார் பூசைக்கு அனுப்பியிருந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. காரை நேராக ஏற்றச் சொல்லிக் கைகாட்ட அப்பாதான் முன்னால் நின்றார், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். பழம் நசுங்கியது. டாக்டர் காரைவிட்டு இறங்கினார், குங்குமப்பொட்டும் சாமந்தி மாலையுமாக நின்ற துரைசாணியைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

சிரித்து முடித்துவிட்டுச் சாமி மேடையைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு தகரத்தடுப்பு, அதற்குப் பின்னால் கோழிக்கூண்டு. வேண்டுதலுக்கு நேர்ந்துவிட்ட சேவல்களைப் பூசாரி அதில்தான் அடைத்துவைப்பார். முன்னால் நிற்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. டாக்டர் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார்.

“அண்ணே, இது சாமி கும்பிடல லா. பின்னால சேவல் இருக்குன்னு உங்களுக்குக் காட்டுது.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் பாய்ந்து பிடிக்க வேண்டியதுதானே, ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

“பிடிச்சா அது கெட்ட நாய். குருவி ஒளிஞ்சிருக்கிற இடத்தக் காட்டிட்டு, நாம போற வரைக்கும் ஆடாம நிக்கணும். அதான் அது படிச்ச வேலை. நல்லாத்தான் செய்யுது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்ல.”

அப்பா துரைசாணியைப் பார்த்தார். கிடங்கையும் மளிகைக் கடையையும் நினைத்திருப்பார். குனிந்து அவள் கழுத்து மாலையைக் கழற்றினார்.

பூசாரிக்குச் சேவல் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. நேர்ந்துவிட்ட சேவல்மேலேயே கண்ணா என்று கொதித்துப்போனார். காலையில் வைரவர், பத்து மணிக்குக் கோழித் திருடி. உத்தியோகம் போய், தானும் தன் குங்குமமுமாகத் துரைசாணி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மா காலண்டரை ஒரு தடவை பார்த்தாள். அது போதுமாயிருந்தது.

டாக்டரும் குருவி சுடுகிறவர்தான். வடக்கே குளிர் இறங்கி நிலம் இறுகிப்போனால், சேற்றில் மூக்கை விட்டுப் புழு தின்னும் உள்ளான் குருவிகள் பிழைப்புத் தேடி நம் வயல்களுக்கு வரும், இப்போது வந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை நாயைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். அப்பா சனிக்கிழமையே சீருடையைத் தோய்த்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டார். நாய் என் பேச்சைக் கேட்கும் என்று அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன்.

விடியும்போது டாக்டர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் அப்பாவின் தொப்பியைப் பார்த்தார், கார் சாவியை நீட்டினார். நீங்களே ஓட்டுங்கள் என்றார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவே இல்லை. ஃபெரியில் காற்று சில்லென்று அடித்தது. பின் சீட்டில் அம்மாவின் பழைய சாரோங்கின்மேல் படுத்திருந்த துரைசாணி, அக்கரை வாடை பட்டதும் எழுந்து உட்கார்ந்து ஊளையிட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

சுங்கை பாக்காப் தாண்டி ரப்பர்த் தோட்டம் முடிகிற இடத்தில் வயல் தொடங்கியது. அறுத்த நெல்தாளுக்கிடையில் தண்ணீர் தேங்கி, மேலே பனிமூட்டம் கிடந்தது. டாக்டர் துப்பாக்கியோடு வரப்பில் இறங்கினார். அப்பா பழக்கத்தில் துணியை எடுத்துக் காரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். டாக்டர் திரும்பிப் பார்த்து, அங்கே என்ன செய்கிறீர்கள், வாங்க அண்ணே என்றார். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவர் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா சப்பாத்தைக் கழற்றி, கஞ்சி போட்ட கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு சேற்றில் காலை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

துரைசாணியை அவிழ்த்துவிட்டோம். அவள் ஓடிய ஓட்டத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்றுக்கு எதிரே இடமும் வலமுமாக, தண்ணீர் சிதற, அந்த இளைத்த உடம்புக்குள் அவ்வளவு ஓட்டம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஓடியவள் திடீரென்று நின்றாள். தலை நீண்டு, வால் விறைத்து, ஒரு கால் மடங்கி. கோயிலில் நின்றாளே, அதே நிற்பு. எனக்கு அங்கே தாளும் சேறும் தவிர எதுவும் தெரியவில்லை. டாக்டர் மெதுவாக நடந்து அவளைத் தாண்டிப் போனார். காலடியிலிருந்து ஒரு குருவி கீச்சென்று கிளம்பி வளைந்து வளைந்து பறந்தது. டாக்டர் சுட்டார். படவில்லை.

துரைசாணி மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அப்படியே அம்மாவுடையது. அப்பாவும் நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

“இத்தன வருஷமும் கார் பக்கத்துலயே நின்னுட்டேன்மா” என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அவள் பல தடவை நின்றாள், டாக்டரும் சில குருவிகளை வீழ்த்தினார். விசில் ஏதும் இருக்கிறதா என்று ஒரு சமயம் கேட்டார். என் கழுத்தில் இருந்ததை ஊதினேன். வயலின் அந்தக் கோடியில் துரைசாணி தடாலென்று உட்கார்ந்தாள். அந்த விசில் பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. எதை எதையோ பத்திரமாக வைத்திருக்கிறேன், அதைத் தொலைத்துவிட்டேன்.

மதியம் நாங்கள் வீடு திரும்பியபோது நாலு பேர் மேலும் சேறு. வாசலில் இடியப்பத் தட்டுகளைக் காய வைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். துரைசாணி நேரே போய் அவள் காலடியில் விழுந்து மல்லாந்தாள். அப்பா வாசல் குழாயில் துணியை நனைத்து நாயின் கால்களைத் துடைக்க உட்கார்ந்தார். டாக்டர் அம்மாவிடமே பேசினார். இப்படி ஒரு நாய் பினாங்கில் இன்னொன்று இல்லை, எனக்கே கொடுத்துவிடுங்கள், தோட்டத்தோடு வீடு இருக்கிறது, தினம் இறைச்சி உண்டு, பருவம் முடியும்வரை வாராவாரம் வேலையும் உண்டு என்றார்.

அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. வேலையும் கிடைத்தது, வேறு வீடும் கிடைத்தது, வருடம் முடிய இன்னும் நாளிருந்தது. அப்பா தலை நிமிராமல் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவர் நினைத்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அம்மா மல்லாந்து கிடந்த நாயைப் பார்த்தாள். பிறகு சேறு அப்பிய அப்பாவின் முழங்காலையும், சுருட்டிய வெள்ளைக் கால்சட்டையையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம வேலைக்கு வரட்டும் டாக்டர். முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருங்க” என்றாள். “வேல இருந்தாலும் இல்லாட்டியும் வீடு இதுதான்.”

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்பா அந்த ஒரு காலையே இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அந்த வாரமே அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனார், ஓய்வு பெறும்வரை ஓட்டினார் என்பதெல்லாம் பிறகு நடந்தது. புது லைசென்ஸ் வில்லையை அம்மாவே போய் வாங்கிவந்ததும் பிறகுதான். என் நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன் குழம்பு. அப்பா குளித்துவிட்டு வந்து, யாரும் கூப்பிடாமலே, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். துரைசாணி அவர் முதுகுப் பக்கம் சுருண்டு தூங்கினாள். அம்மா மறுசோறு எடுத்து வந்தாள். அப்பா தட்டை மறைக்கவில்லை.